மூன்று பேச்சு, ஒரு வாய்

அத்தியாயம் 6

செவரின் கெஸ்லர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம்.

"முகமூடியை எடுத்தது நீங்களா?" என்று ஹெட்விக் ராவ் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"இல்ல."

"வேற யார் எடுத்திருப்பாங்க?"

தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. மீன்வலையைத் தைத்துக்கொண்டிருந்த கை மட்டும் நிற்கவில்லை.

"நீங்க எடுக்கலைங்கறதை உங்க பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

ஊசி வலைக்குள் போனது, வெளியே வந்தது. ஹெட்விக் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, நன்றி சொல்லி எழுந்துகொண்டாள்.

படகுக் கொட்டகைக்கு வெளியே ஏரியைக் காணோம். பனிமூட்டம் அதை மொத்தமாக விழுங்கியிருந்தது. டில்மன் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"தலைவி, இந்த ஆளுக்குப் பதிலா அந்தப் படகை விசாரிச்சிருக்கலாம். அது அப்பப்போ கிறீச்சுன்னாவது ஏதோ சொல்லிச்சு."

"பேசாதவங்க எல்லாம் திருடங்க இல்ல, டில்மன்."

"அப்படின்னா நான் ரொம்ப யோக்கியன்னு அர்த்தமா?"

"நீ பேசறதை நிறுத்தினா யோசிச்சுச் சொல்றேன்."

டில்மன் முன்பு வானொலியில் போக்குவரத்து நெரிசல் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவன். நெரிசலில் மாட்டிக்கொண்ட அமைச்சர் ஒருவரைப் பற்றி நேரலையில் ஒரு ஜோக் அடித்தான். நெரிசல் கலைவதற்குள் வேலை போய்விட்டது. ஹெட்விக், காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவள். இரண்டு பேரும் சேர்ந்து துப்பறியும் அலுவலகம் நடத்துவதாகச் சொல்லிக்கொண்டார்கள். பெரும்பாலும் காணாமல் போன பூனைகள்தான் வரும்.

இந்த முறை காணாமல் போனது பூனை இல்லை, கிழவி.

ஏரிக்கரை ஊரான வைடன்ஹோபனில் கோமாளிச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதன் முதல் முகமூடிதான் 'ஏரிக்கிழவி'. லிண்டன் மரத்தில் செதுக்கிய, பல் போன, ஊரையே நக்கலாகப் பார்க்கிற முகம். தவக்காலத்துக்கு முந்தின கொழுப்பு வியாழன் காலையில் கிழவி சங்கக் கூடத்திலிருந்து துடைப்பத்தோடு ஓடி வந்தால்தான் திருவிழா தொடங்கும். அதுவரை நகராட்சித் தலைவர் கூட டையை அவிழ்க்க மாட்டார். அந்தக் கிழவியை இருபது வருஷத்துக்கு மேலாக முகத்தில் மாட்டி ஓடியவர் செவரின். இந்த வருஷம் முட்டி ஒத்துழைக்கவில்லை. அடுத்து யார் என்று சங்கம் வாக்கெடுத்தது. ஜெயித்தது செவரினின் மகள் ரெகுலா. கிழவிக்குள் ஒரு பெண் ஓடுவது இதுதான் முதல் முறை. எதிர்த்துக் கை தூக்கியவர்களில் முதல் கை, பெற்ற அப்பாவுடையது.

ஞாயிற்றுக்கிழமை கிழவியைக் காணோம். பூட்டு உடையவில்லை. உடைய வேண்டிய அவசியமும் இல்லை, சங்கத்துச் சாவி 'கருநாரை' மதுக்கடையில் ஊருக்கே தெரிகிற ஆணியில் தொங்கும். அன்று சாயங்காலமே சங்கத்தின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. பேசியது மனிதக் குரல் இல்லை. யாரோ தட்டச்சு செய்ததை ஒரு கணினிப் பெண்மணி, ரயில் தாமதத்தை அறிவிக்கிற பாவனையில் வாசித்தாள்:

"கிழவி என்கிட்ட பத்திரமா இருக்கா. சாம்பல் புதன் கழிஞ்சு, மூணு மேகம் தள்ளித் திரும்பி வருவா. அதுவரைக்கும் தேடி அலையறது மீனுக்குக் குடை பிடிக்கிற வேலை. இந்த வருஷத்து ஓட்டம் பாதிரியார் வீட்டு சூப்தான், வேற வழியில்ல."

திருவிழாவுக்கு முன்னால் எதையாவது திருடி ஒளித்து வைப்பதும், நாலு பீப்பாய் பியர் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதும் அந்தப் பக்கத்து வழக்கம்தான். காவல் துறையே சிரித்துவிட்டுப் போய்விடும். ஆனால் இந்தத் திருடன் பியர் கேட்கவில்லை, திருவிழா முடிகிற சாம்பல் புதன் வரை கிழவியைத் தரவும் தயாரில்லை. ரெகுலா ஓடக் கூடாது என்பது மட்டும்தான் அவனுக்கு வேண்டியது. அப்படி நினைப்பவர் யார் என்று ஊர் யோசிக்கவே இல்லை, நேரே செவரினைப் பார்த்தது. இன்று மாலை ஆறு மணிக்குக் கருநாரையில் சங்கம் கூடி உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிடப் போகிறது.

ஹெட்விக்கைத் தேடி வந்தவள் ரெகுலாதான். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவள், கையில் எண்ணெய்க் கறை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"கிழவி கிடைக்கலைன்னா கூடப் பரவாயில்ல மேடம். எங்கப்பாதான்னா அப்பாதான்னு சொல்லிடுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. ரெண்டும் தெரியாம அவரோட ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட முடியல."

*

"அந்தச் செய்தியில மூணு பேச்சு இருக்கு," என்றாள் ஹெட்விக், துறைமுகத்தை நோக்கி நடந்துகொண்டே. "மூணு மேகம் தள்ளி. மீனுக்குக் குடை. பாதிரியார் வீட்டு சூப். இதெல்லாம் புத்தகத்துல இருக்கற பேச்சு இல்ல. யாரோ ஒருத்தரோட அடுப்பங்கரையில பொறந்த பேச்சு."

"மேகம், மீன். மீனவர் பேச்சு மாதிரி இல்ல?"

"அதான் ஊரும் சொல்லுது."

"சரி, ஊர் முழுக்க ஒவ்வொரு வாயாத் திறந்து பாக்க முடியுமா?"

"திறக்க வேண்டாம். ஏற்கெனவே திறந்து பதிவு பண்ணி வெச்சிருக்காங்க."

துறைமுகத்துப் பழைய உப்புக் கிடங்கின் மாடியில்தான் வாய்மொழிக் களஞ்சியம். சங்கத்தின் காப்பாளர் டாக்டர் எகோன் ஹால்வாக்ஸ், வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் உள்ள ஒவ்வொரு சமையலறையிலும் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து எல்லோருடைய நினைவுகளையும் சேர்த்திருந்தார். ஒவ்வொரு பேட்டியும் அப்படியே எழுத்தாக்கப்பட்டு எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில் இருந்தது. எந்தச் சொல்லைக் கேட்டாலும் தேடித் தரும்.

மாடிக் கதவருகே ரெகுலா ஏற்கெனவே காத்திருந்தாள். உள்ளே டாக்டர், கழுத்துப் பட்டி கசங்காமல் நின்றார். அவர் பேச்சும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்ததுதான். ஊரில் எல்லோரும் வழவழவென்று பேசும்போது இவர் மட்டும் பாடப்புத்தகம் போலப் பேசுவார்.

"வாருங்கள், வாருங்கள். ரெகுலாவுக்காக வாக்கெடுப்பில் முதலில் பேசியவன் நான். என்னால் ஆன உதவியைச் செய்யாமல் இருப்பேனா? ஆனால் இந்தத் தேடல் எல்லாம் சற்று மெதுவாகத்தான் இயங்கும். நீங்கள் நாளை மறுநாள் வந்தால்..."

"நாளை மறுநாள் வந்தா திருவிழாவே தொடங்கியிருக்கும் டாக்டர்," என்று டில்மன் ஈரக் கோட்டைக் கழற்றி, மூலை அலமாரியைப் பார்த்து நடந்தான்.

டாக்டர் பாய்ந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். "விருந்தினர் சிரமப்படக் கூடாது. நானே மாட்டுகிறேன்."

அலமாரியைக் கொஞ்சமாகத் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு மாட்டினார். வானொலி நிலையத்தில் தன் கோட்டைத் தரையிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூட ஆள் இருந்ததில்லை என்று டில்மனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

கணினி முன் உட்கார்ந்து, செய்தியின் மூன்று பேச்சையும் ஒரே மூச்சில் தட்டினான். திரையில் பேட்டிகள் கொட்ட ஆரம்பித்தன. கொட்டிக்கொண்டே இருந்தன.

"தலைவி, ஊரே குத்தவாளி. எல்லாரையும் பிடிக்க ஒரு கப்பல் வேணும்."

"மூணையும் சேத்துக் கொட்டினா அது ஒவ்வொரு சொல்லாத்தான் பொறுக்கும். ஏரிக்கரை ஊர்ல மீன், மேகம், சூப், பாதிரியார் இந்த நாலும் இல்லாம யார் பேசுவாங்க? ஒவ்வொரு பேச்சும் முழுசா, சொல்லு மாறாம, பக்கத்துல பக்கத்துல வரணும். மூணும் ஒரே பேட்டிக்குள்ள வரணும்."

டில்மன் மூன்று பேச்சையும் தனித்தனியே மேற்கோள் குறிக்குள் அடைத்தான். 'ஏதாவது ஒன்று' என்று இருந்ததை 'எல்லாம்' என்று மாற்றினான். பொத்தானை அழுத்தினான்.

திரை துடைத்துவிட்டது போல ஆனது. ஒரே ஒரு பேட்டி நின்றது. அதன் தலைப்பில் பெயர் இருந்தது.

செவரின் கெஸ்லர்.

கீழே மூன்று பேச்சும் மஞ்சள் பூசிக்கொண்டு பளிச்சென்று தெரிந்தன. டில்மனுக்கு வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் வாயில் ஒரு ஜோக் வந்து நிற்கும். ரெகுலாவின் முகத்தைப் பார்த்த பிறகு அது வரவில்லை.

"ஆக, அவர்தான்," என்றாள் ரெகுலா. குரல் சமமாக இருந்தது. "கை தூக்கினப்பவே தெரிஞ்சிருக்கணும். நான் சங்கத்துக்குப் போறேன். ஆறு மணிக்கு அவங்க கேக்கறப்போ நானே சொல்லிடறேன். மத்தவங்க வாயால வர்றதை விட என் வாயால வரட்டும்."

"இரும்மா. இன்னும் முடியல," என்றாள் ஹெட்விக்.

"எனக்கு முடிஞ்சிருச்சு மேடம்."

மரப்படியில் அவள் காலடிச் சத்தம் இறங்கிப் போனது. டாக்டர் ஹால்வாக்ஸ் நீளமாக மூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"வருந்தத்தக்கது. மிகவும் வருந்தத்தக்கது. ஆனால் உண்மை உண்மைதான். காபி அருந்துகிறீர்களா? ஜாம் வைத்த பெர்லினர் பன் கூட இருக்கிறது, இன்று காலையில் சுட்டது."

*

பெர்லினர் தட்டு நிறைய வந்தது. மேலே சர்க்கரைத் தூள் பனி மாதிரி படர்ந்திருந்தது. டில்மன் துக்கம் வந்தால் சாப்பிடுகிறவன், சந்தோஷம் வந்தாலும் சாப்பிடுகிறவன். பெரியதாக ஒன்றைப் பொறுக்கி ஒரே கடியில் பாதியை உள்ளே தள்ளினான். அடுத்த நொடி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உள்ளே ஜாம் இல்லை. கடுகு.

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பழைய வழக்கம் ஐயா! ஒரு தட்டில் ஒன்றுக்குக் கடுகு வைப்போம். யாருக்கு வருகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம்."

"என் அதிர்ஷ்டம் எப்பவும் மூக்கு வழியாத்தான் வரும்," என்றான் டில்மன், மூக்கைச் சிந்திக்கொண்டே.

ஹெட்விக் தட்டைத் தொடவில்லை. சுவர் அலமாரியில் இருந்த தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். களஞ்சியத்துப் பேட்டிகளைத் தொகுத்து டாக்டர் அச்சிட்டது.

"இதுல பேட்டி கொடுத்தவங்க பேசறது மட்டும்தான் இருக்கு. நீங்க கேட்ட கேள்வி ஒண்ணு கூட இல்லையே?"

"வெட்டிவிட்டேன். மக்கள் குரல்தான் முக்கியம். கேட்டவன் குரல் வாசகருக்கு எதற்கு?" என்று டாக்டர் அடக்கத்தோடு நெஞ்சில் கை வைத்தார்.

"அழகு," என்றாள் ஹெட்விக். "டில்மன், இருக்கறதுலயே நீளமான பேட்டி யாரோடது?"

டில்மன் ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கண்ணால் தேடினான். தேடிவிட்டுத் திரும்பவும் தேடினான்.

"தலைவி, இயந்திரத்துக்கும் கடுகு கொடுத்துட்டாங்க போல. நம்ம செவரினோடதுன்னு சொல்லுது. ரெண்டரை மணி நேரம்!"

"காலையில நமக்கு எவ்வளவு கொடுத்தார்?"

"ரெண்டு 'இல்ல'. ஒரு தோள்."

"அந்த மனுஷன் ரெண்டரை மணி நேரம் என்ன பேசியிருப்பார்?"

டாக்டரின் காபிக் கோப்பை தட்டில் லேசாக மோதிச் சத்தம் போட்டது. டில்மன் அதைக் கவனித்தானே ஒழிய, கடுகு மூளைக்கு ஏறியிருந்ததால் அர்த்தம் பிடிபடவில்லை.

"இந்தத் தரவுத்தளம் எப்படி அடுக்கியிருக்கு? எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு," என்றாள் ஹெட்விக்.

வானொலியில் இப்படி ஒரு களஞ்சியத்தோடு மல்லுக்கட்டியவன் டில்மன். "பெட்டிக்குள்ள பெட்டி, தலைவி. ஒவ்வொரு பேட்டியும் ஒரு பெரிய பெட்டி, அதுக்கு மேல பதில் சொன்னவர் பேரு. உள்ள சின்னச் சின்னப் பெட்டி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். இது கேள்வி, இது பதில், இது இருமல், இது சிரிப்பு."

"நீ மூணு பேச்சையும் எந்தப் பெட்டியில தேடினே?"

"பெரிய..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றான்.

கை தானாகத் தட்டச்சுப் பலகைக்குப் போனது. அதே மூன்று பேச்சு, அதே 'எல்லாம்'. ஆனால் இந்தத் தடவை பெரிய பெட்டியில் இல்லை, 'பதில்' என்று சீட்டு ஒட்டிய சின்னப் பெட்டிகளில் மட்டும்.

ஒன்றும் வரவில்லை.

'எல்லாம்' வேண்டாம், 'ஏதாவது ஒன்று' போதும் என்று தளர்த்திப் பார்த்தான். அப்போதும் இல்லை. செவரின் மட்டுமில்லை, அந்த ஊரில் பதில் சொன்ன யாருமே அந்த மூன்றில் ஒன்றைக் கூடச் சொன்னதில்லை.

"இப்போ கேள்விப் பெட்டியில," என்றாள் ஹெட்விக் மெதுவாக.

திரை மஞ்சளாகிவிட்டது. ரொட்டிக்கடை அம்மாளின் பேட்டியில் மீனுக்குக் குடை. படகோட்டியின் பேட்டியில் மூணு மேகம். மடத்துத் தலைவியின் பேட்டியில், அவ்வளவு பெரிய மனுஷியிடமே, பாதிரியார் வீட்டு சூப். எல்லாம் கேள்வியில். மூன்றும் ஒரே இடத்தில் வந்தது செவரின் பேட்டியில் மட்டும்தான். டில்மன் அதைத் திறந்து உரக்க வாசித்தான். செய்தி வாசித்த குரல் இன்னும் போகவில்லை.

"கேள்வி: ஏரி உறைஞ்ச வருஷம் நீங்க நடந்தே அக்கரைக்குப் போனீங்களாமே? பதில்: ம்.

"கேள்வி: பயமா இல்ல? எங்கப்பாவும் கிளம்பினார். எங்கம்மா தடுத்துப் பாத்தா. அந்த மனுஷனைத் தடுக்கறது மீனுக்குக் குடை பிடிக்கிற வேலை, செவரின்! பதில்: இருக்கலாம்.

"கேள்வி: அக்கரையில என்ன கொடுத்தாங்க சாப்பிட? எங்களுக்குப் பாதிரியார் வீட்டு சூப்தான், தட்டோட அடி தெரியும். பதில்: இருமல்.

"கேள்வி: பனி எப்போ உடைஞ்சது, ஒரு மூணு மேகம் தள்ளியா? பதில்: ஆமா."

டில்மன் நிமிர்ந்தான். "தலைவி, இது செவரின் கொடுத்த பேட்டி இல்ல. செவரின்கிட்ட டாக்டர் கொடுத்த பேட்டி."

"வாயைத் திறக்காதவர் முன்னாடி உக்காந்தா எதிராளிதான் பேசியாகணும். அதான் அதுலே மட்டும் மூணும் சேந்து வந்திருக்கு," என்று ஹெட்விக் டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஊருக்கு நடுவுல நீங்க புத்தக மொழி பேசறீங்க. மத்தவங்க சமையலறையில, அவங்க கூச்சம் போகணும்னு, உங்கம்மா வீட்டுப் பேச்சைப் பேசறீங்க. உங்ககிட்டேருந்து அந்தப் பேச்சைத் தெருவுல யாரும் கேட்டதில்ல. அதனால செய்தி எழுதறப்போ அதையே முகமூடியா மாட்டிக்கிட்டீங்க. நல்ல யோசனைதான். புத்தகத்துல உங்க கேள்வியை வெட்டினதும் எல்லா இடத்துலயும் வெட்டிட்டதா நினைச்சுட்டீங்க. களஞ்சியம் எதையும் வெட்டல."

"அம்மையே, பேச்சு வழக்கு என்பது பொதுச் சொத்து. யாரும் பயன்படுத்தலாம். இது ஆதாரமே ஆகாது," என்றார் டாக்டர். பட்டி இன்னும் கசங்கவில்லை.

"வாஸ்தவம். நாங்க கிளம்பறோம். டில்மன், உன் கோட்டை எடுத்துக்கோ."

டில்மன் அலமாரியை நோக்கி இரண்டு அடி வைத்திருப்பான். டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்து கதவின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"நான்... நானே எடுத்துத் தருகிறேன்."

"என் கோட்டுக்கு இவ்வளவு மரியாதையான்னு அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்," என்றான் டில்மன். "அதை வாங்கினது தள்ளுபடிக் கடையில."

பிறகு டாக்டர் முதுகை எடுத்தார். அவர் பேசியபோது கஞ்சி, இஸ்திரி எதுவும் அந்தக் குரலில் இல்லை.

"பதினோரு வருஷம்மா. செவரினுக்கு அடுத்து நான்தான்னு ஊரே சொல்லிச்சு. பதினோரு வருஷம் அவன் பின்னாடியே துடைப்பத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அவன் முட்டி போச்சுன்னதும்... பாவி, நான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அந்தப் பொண்ணு பேரைச் சொன்னாங்க. நான் படிச்சவன், எதிர்த்தா அசிங்கம். எழுந்து அவளுக்காகப் பேசினேன், கைதட்டல் கூட வாங்கினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியல. நான் என்ன, திருடியா வித்துட்டேன்? மூணு மேகம் தள்ளித் திருப்பிக் கொடுத்திருப்பேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. டில்மன் கூடச் சிரிக்கவில்லை.

அலமாரியின் உள்ளே, டில்மனின் ஈரக் கோட்டுக்குப் பின்னால், கம்பளிச் சால்வையில் சுற்றிக் கிழவி இருந்தாள். வெளிச்சம் பட்டதும் பல்லில்லாத வாயால் மூவரையும் பார்த்து இளித்தாள்.

"ஒரே ஒரு தடவை கண்ணாடி முன்னாடி நின்னு போட்டுப் பாத்தேன்," என்றார் டாக்டர். "சரியாப் பொருந்திச்சு."

ஹெட்விக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். இப்போது நன்றாகவே தணிந்திருந்தது.

"கிழவியை எடுத்தது திருவிழா விளையாட்டுன்னு ஊர் விட்டுடும். ஆனா செவரின் பேர் திரையில வந்ததே, அப்போ உங்களுக்குத் தெரியும் அது யார் பேச்சுன்னு. ஒரு பொண்ணு அப்பாதான் எடுத்தார்னு முடிவு பண்ணிப் படியிறங்கிப் போனா. நீங்க பெர்லினர் எடுத்துட்டு வந்தீங்க. இது விளையாட்டு இல்ல டாக்டர்."

அவர் தலை நிமிரவில்லை.

"ஆறு மணி ஆகறதுக்குள்ள கருநாரைக்குப் போய் நீங்களே சொல்லுங்க. புத்தக மொழி வேண்டாம். இப்போ பேசினீங்களே, அந்த மொழியில."

அவர் போனார். நடுவில் ஒரு தடவை தடுமாறியதோடு சரி, சொல்ல வேண்டியதை எல்லோர் முன்னாலும் நின்று சொன்னார். சங்கம் அடித்தது வேறு ஒரு பெயரை. செவரின் அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லை. ரெகுலா, தன் முன்னால் வைத்த பியரைத் தொடாமல் கிழவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

கொழுப்பு வியாழன் காலை. சங்கக் கூடத்தின் வாசலில் ஊர் திரண்டு நின்று மணிகளை ஆட்டியது. உள்ளே, கந்தல் பாவாடையும் மரக்காலணியும் போட்டுக்கொண்டு ரெகுலா தயாராக இருந்தாள். முகமூடி கையில் இருந்தது. சாட்சிக்கு என்று அவள் கூப்பிட்டதால் ஹெட்விக்கும் டில்மனும் சுவரோரம் நின்றார்கள்.

பின்கதவு திறந்தது. செவரின், முட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். துறைமுகத்து மீன் வாடை அவரோடு வந்தது.

ரெகுலாதான் முதலில் பேசினாள். "நான் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அவள் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஊர் முழுக்கக் கேட்டாள், துப்பறிகிறவர்களைக் கேட்டாள், ஒரு இயந்திரத்தைக் கூடக் கேட்டாள். எதிரே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தவரை மட்டும் கேட்கவில்லை. டில்மன் மூக்கைச் சிந்திக்கொண்டான். அது கடுகு இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"சரி, இப்போ கேக்கறேன்," என்றாள் ரெகுலா. "எனக்கு எதிரா ஏன் கை தூக்கினீங்க?"

செவரின் கிழவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அன்று பேசியது அவருக்கு ஒரு வருஷத்துக்கான பேச்சாக இருந்திருக்க வேண்டும்.

"அது கனம்மா. உள்ள மூச்சு முட்டும். கழுத்தைப் பிடிச்சுக்கும். ஓடி முடிச்சு வந்து ராத்திரி பூரா கழுத்தைத் திருப்ப முடியாது. உங்கம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுப்பா. இதை எம் பொண்ணு தலையிலயும் ஏத்தணுமான்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

பேசிக் களைத்துப்போனவர் போலச் சற்று நின்றார்.

"இதை அன்னிக்கே சொல்லக் கூடாதா?" என்றாள் ரெகுலா. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"திரும்பு. பட்டை தளர்வா இருக்கு."

அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். வலை தைக்கிற அந்த விரல்கள் தோல் பட்டையை இழுத்து, ஒரு முடிச்சு போட்டு, அதன் மேல் இன்னொன்று போட்டன. பிடரிக்கும் மரத்துக்கும் நடுவில் தன் கைக்குட்டையை மடித்துச் செருகினார். பிறகு தோளில் ஒரு தட்டு.

கதவு திறந்தது. ஊர் கத்தியது. ஏரிக்கிழவி துடைப்பத்தைச் சுழற்றிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் பாய்ந்தாள். முதல் அடி நகராட்சித் தலைவரின் தொப்பிக்கு விழுந்தது. இரண்டாவது, கூட்டத்தின் கடைசியில் தலையைக் குனிந்து நின்ற டாக்டர் ஹால்வாக்ஸுக்கு. அதில் கொஞ்சம் கூடுதல் வேகம் இருந்ததாக டில்மன் பிற்பாடு சத்தியம் செய்தான்.

"தலைவி..." என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம்," என்றாள் ஹெட்விக். "கேளு."

செவரின் கெஸ்லர் வாசற்படியில் நின்று, கிழவி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நல்லா ஓடறா," என்றார்.